பத்தொன்பது நாள் காற்று

கம்பம் ஐம்பது மீட்டர்.
உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுழலும்.
பத்து நிமிடத்துக்கு ஓர் எண்,
நாளொன்றுக்கு நூற்று நாற்பத்து நாலு.
பதின்மூன்று மாதம்
சேர்வராயன் மலைக்காற்றை இப்படித்தான்
பொடித்துப் பொடித்துச் சேலத்துக்கு இறக்கினேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
எத்தனை முறை போனாலும்
பன்னிரண்டாவதில் வயிறு பிரளும்.
ஒரு பையில் மெமரி கார்டு,
மறு பையில் எலுமிச்சம்பழம்.

நிலம் வெள்ளச்சியுடையது.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்
நாலு வெட்ட வேண்டியிருந்தது.
மரத்துக்கான காசை எண்ணி முடித்துவிட்டு
"கம்பிக்கு வாடகை?" என்றாள்.
கம்பத்தை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள்
அவள் காபிச் செடிகளுக்கு மேலே போவதை
ஒப்பந்தத்தில் எழுத மறந்திருந்தோம்.
எழுதினோம். மாதம் முந்நூறு.

ஜூன் ஒன்பது, இரவு.
ஒரு காட்டெருமை மேற்குக் கம்பியில்
முதுகு சொறிந்திருக்கிறது.
நான் இருபத்தெட்டாம் தேதி போனபோது
கம்பியில் கறுப்பு மயிர், கீழே சாணம்,
பெட்டியிலிருந்து நழுவித் தொங்கும் கேபிள்.
கருவி நிற்கவில்லை.
வேகம் சுழியம், வேகம் சுழியம் என்று
பத்து நிமிடத்துக்கு ஒரு முறை
எழுதிக்கொண்டே இருந்தது,
இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தாறு முறை.

வருடத்தில் காற்று சம்பாதிக்கும் மாதம் அது.
வேகம் இரட்டித்தால் மின்சாரம் எட்டு மடங்கு.
அதிலும் மலைக்காற்று மெலிந்தது,
பதினான்கு சதம் கழிக்கவேண்டும்.
ஐந்தரைக்குக் குறைந்தால்
வங்கி கோப்பையே திறக்காது.
சுழியங்களோடு கூட்டினால் நாலே முக்காலே சொச்சம்.
சுழியங்களைத் தள்ளினால் ஐந்து புள்ளி இரண்டு.

அஞ்சு ரோட்டு ஆபீஸில்
கைலாசம் சார் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
"அந்தப் பத்தொம்பது நாளும்
பதினொண்ணரை அடிச்சிருந்தா போதும், தமயந்தி.
மலையில ஜூன்ல அடிக்காதா?"

அடிக்கும். அதுதான் சிக்கல்.
இருபது என்று கேட்டிருந்தால்
சிரித்துவிட்டு எழுந்து வந்திருப்பேன்.
பதினொன்றரை நடக்கக்கூடிய பொய்.

மறுபடி எலுமிச்சம்பழம். மறுபடி பன்னிரண்டாவது.
வெள்ளச்சி காபிப் பழம் உலர்த்திக்கொண்டிருந்தாள்.
பன்னிரண்டாம் தேதி
பள்ளிக்கூடச் சமையலறைத் தகரம் பறந்ததாம்.
சரி, என்று குறித்துக்கொண்டேன்.
அப்புறம் ஒரு வாரம் மூடுபனி நின்றுவிட்டது,
அடுப்புப் புகை வீட்டைவிட்டுப் போகவே மறுத்தது.
அதையும் குறித்துக்கொண்டேன்.
என் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தவள்
குரலைத் தாழ்த்தினாள்:
"எவ்வளவு வேணும்னு சொல்லு கண்ணு.
அவ்வளவு அடிச்சதுன்னு சொல்லிடறேன்."

காத்தாடி வந்தால் ரோடு வரும்,
கம்பிக்கு முந்நூறு போய் முப்பதாயிரம் வரும்,
அவளுக்குத் தெரியும்.
அந்த நேரம் பார்த்து
வீட்டுக்குள் பல்பு மஞ்சளாகிச் சிவந்து அணைந்தது.
"பாரு," என்றாள், சாட்சி சொல்வதுபோல.

மூன்று இரவு அந்த அட்டவணை முன்னால் இருந்தேன்.
கமலாபுரம் விமான நிலையத்துக் காற்றை எடுத்து
மலைக்குப் பொருத்திப் பார்த்தேன்,
சமவெளிச் சட்டைபோல் தோளில் இறுகியது.
ஏழு வந்தது ஒருமுறை. பத்து வந்தது ஒருமுறை.
கடைசியில் சுழியங்களை அழித்துவிட்டு
அந்த இடம் முழுக்க
'தரவு இல்லை' என்று நிரப்பினேன்.
முடிவுரை ஒரே வரி:
இன்னொரு ஜூன் தேவை.

கைலாசம் சார் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் செலவுக்கணக்கு கேட்டார்.

மே மாதமே மலையேறிவிட்டேன்.
மேற்குக் கம்பியைச் சுற்றி முள்வேலி.
அதற்குப் பத்தடி தள்ளி
சொரசொரப்பான ஒரு கல்தூண்,
அந்த எருமையின் முதுகு உயரத்துக்கு.
வவுச்சரில் அதை என்னவென்று எழுதுவது
என்று யோசித்து
'அளவீட்டுக் கருவி, துணை' என்று போட்டேன்.
வெள்ளச்சி தூணைச் சுற்றி வந்தாள்.
இதுவும் அவள் நிலத்தில்தான் நிற்கிறது.